முன்கதவுச் சத்தம்

“நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்கு என்ர பிள்ளையை எடுத்துப் போடுவாங்கள்” என்றாள் அந்தப் பெண், கதிரையில் உட்காரும் முன்பே.

கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில், மருந்துக்கடைக்கு மேலே இருந்த சிறிய அறை அது. வியாழக்கிழமை, காலை பத்து மணி. வந்தவள் முகக்கவசம் போட்டிருந்தாள். கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தாள். மே மாத வெயிலில் தலையைச் சுற்றிச் சால்வை வேறு.

மேசைக்கு அந்தப் பக்கம் மரியகொறற்றி இருந்தார். நாற்பத்தைந்து வயது. புதுக்கடை நீதிமன்றத்தில் பதினேழு வருடம் சுருக்கெழுத்து எழுதியவர். ஊரார் கதைப்பதை ஒரு சொல் விடாமல் கேட்பதுதான் வேலையாக இருந்தது. அதை விட்டபின், சட்டத்தரணிகளுக்காக விசாரித்துக் கொடுக்கிறார். கேட்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

தாஸிம் யன்னலோரம் நின்று கீழே நிறுத்தியிருந்த தன் ஓட்டோவைப் பார்த்தான். இரண்டு வருடத்துக்கு முன் மரியகொறற்றியை ஏற்றி இறக்கத்தான் வந்தான். காத்திருக்கப் பொறுமை இல்லாமல் படியேறினான். பிறகு இறங்கவே இல்லை. ஓரிடத்தில் அவனால் நிற்க முடியாது. இப்போதும் கையில் ஓட்டோச் சாவியைச் சுழற்றிக்கொண்டுதான் நின்றான்.

பெண் கண்ணாடியைக் கழற்றினாள். சாவி சுழல்வது நின்றது.

“யா அல்லாஹ்! நீங்க அந்தப் பொம்புளதானே!”

“ஓம். அந்தப் பொம்பிளைதான்” என்றாள் லவினா களைப்பாக. “போன கிழமை மீன்காரர் எனக்கு மீன் தரமாட்டன் எண்டவர். பிள்ளையைக் கிணத்துக்குள்ள தள்ளப் பாத்தவளாம்.”

தாஸிம் வெட்கப்பட்டான். அவனும் அந்த அத்தியாயத்தைப் பார்த்து அவளை ஏசியவன்தான். வெள்ளி, சனி எட்டரை மணிக்குப் போகும் குற்றத் தொடரை அவன் வீட்டில் ஒருவரும் விடுவதில்லை. வேலைக்காரியைக் கொன்றுவிட்டு, அதைக் கண்ட குழந்தையையும் ஒழிக்கத் தேடுகிற பெண்ணாக லவினா நடிக்கிறாள். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு பழைய வீட்டின் முன்கதவு கிரீச்சிடுவதோடு தொடங்கும். அந்தச் சத்தம் கேட்டதும் தாஸிமின் உம்மா தலையணையை எடுத்து முகத்தை மூடிக்கொள்வாள்.

லவினா சொன்ன விஷயம் சுருக்கமானது. அவளும் கணவன் செபஸ்தியனும் பிரிந்து ஒரு வருடம். ஆறு வயது மகள் யதுஷா தாயோடு இருக்கிறாள். மகளைத் தன்னிடம் தரவேண்டும் என்று செபஸ்தியன் வழக்குப் போட்டிருக்கிறான். நாளை உத்தரவு. முந்தாநாள் அவன் பக்கம் ஓர் ஒலிப்பதிவைக் கொடுத்திருக்கிறது.

“போடுங்கோ” என்றார் மரியகொறற்றி.

லவினா தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

கதவு ஒன்று நீளமாகக் கிரீச்சிட்டது. பிறகு ஓர் அறையின் அமைதி. எங்கோ மின்விசிறி. ஒரு காகம் இரண்டு தடவை கரைந்தது. லவினாவின் குரல்: “பிள்ளையை என்ர கண்ணில காட்டாத.” இடைவெளி. “எங்கயாவது கொண்டுபோய் விடு. எனக்கு வேண்டாம்.” கோபத்தை அடக்குவதுபோன்ற குரல். மீண்டும் இடைவெளி. காகம் இரண்டு தடவை. “அழுதா அழட்டும்.” அமைதி. காகம். முடிந்தது.

தாஸிமுக்கு அது தொடரில் கேட்கும் குரல்தான். ஆனால் பின்னணி இசை இல்லாமல் கேட்டபோது நிசமாக இருந்தது.

“என்ர குரல்தான்” என்றாள் லவினா. “ஆனா எப்ப சொன்னன், ஆருக்குச் சொன்னன், தெரியேல்ல. ரெண்டு நாளா நித்திரை இல்ல. நானே சொல்லியிருப்பனோ எண்டு யோசிக்கிறன், மிஸ். விசர் பிடிக்குது.”

செபஸ்தியன் சத்தியம் செய்து நீதிமன்றத்தில் கொடுத்த சத்தியக்கடதாசியில் இப்படி இருந்தது: பெப்ரவரி பதினான்காம் திகதி மாலை ஐந்தரை மணிக்கு, படப்பிடிப்பு முடிந்தபின், கொட்டாஞ்சேனைப் படப்பிடிப்பு வீட்டின் முன் ஹோலில் லவினா யாரோடோ தொலைபேசியில் கதைத்தாள். குழுவில் இருந்த ஒருவர் அதைப் பதிவுசெய்து, பெயர் சொல்லாமல் செபஸ்தியனுக்கு அனுப்பினார். அன்று ஐந்து மணிக்குப் பிறகும் லவினா அந்த வீட்டில் நின்றது உண்மை. உடுப்பு அளவு பார்க்க நின்றாள்.

“தொடரில பேசினதை வெட்டி ஒட்டியிருப்பாங்க” என்றான் தாஸிம். “இதுக்கு என்ன பெரிய விசாரணை?”

“என்ர லோயரும் அப்பிடித்தான் நினைச்சவர். ஆனா இந்த வசனம் ஸ்கிரிப்டில இல்ல. ஒளிபரப்பான எதிலயும் இல்ல. அதோட, அவங்கட நிபுணர் அந்தக் கதவை ஒப்பிட்டுப் பாத்திருக்கிறார். தொடரில வாற கதவும் இதுவும் ஒரே கதவாம். அதே வீடுதானாம்.”

மரியகொறற்றி பதிவை இன்னும் மூன்று தடவை கேட்டார். கடைசித் தடவை கண்ணை மூடிக்கொண்டு.

“செய்தது ஆர் எண்டு பிடிச்சால்தான் மூலப்பதிவு கிடைக்கும். மூலம் இல்லாட்டி நாளைக்கு உங்கட சொல்லுக்கு எதிரா அவங்கட நிபுணர்” என்றார். “படப்பிடிப்பில எடுக்கிற சத்தம் ஆர் ஆரிட்ட இருக்கும்?”

“மூண்டு பேரிட்ட. வீட்டில ஒலி எடுக்கிற தர்ஷன். டிரெக்டர் ஜொனாதன். வெள்ளவத்தை ஸ்ரூடியோவில சத்தம் சேர்க்கிற ரொனி.”

“உங்களோட ஆருக்குக் கோபம்?”

“கோபம் இல்லாதது ஆருக்கு எண்டு கேளுங்கோ.”

*

அந்த வீடு பேராலயத்துக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் இருந்தது. தாஸிம் கதவைத் தள்ளினான். உள்பக்கம் ஆணியில் தொங்கிய சின்ன வெண்கல மணி சிணுங்கியது.

“யாரு?” என்று குசினியிலிருந்து ஒரு குரல். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பழனியம்மா ஈரக் கையோடு வந்தாள். நீர்கொழும்பில் இருக்கும் வீட்டுக்காரரை நினைத்து எந்நேரமும் பயப்படுகிற பெண். அரை நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

“நீங்களும் சினிமாக்காரங்களா? வாங்க, வந்து பாருங்க. செவத்துல முப்பது ஆணி. பகல்ல ராத்திரி வேணுமுன்னு சன்னலெல்லாம் கருப்புத் துணி. வாசப்படியில எண்ணக்கறை, வந்த ரெண்டாம் நாளே ஊத்துனது, நானும் தேச்சுத் தேச்சுப் பாக்குறேன், போகவே மாட்டேங்குது. தேத்தண்ணிக் கோப்பையில பாதியக் காணோம். வீட்டுக்காரவுங்க வந்தா யாரத் திட்டுவாங்க? என்னையத்தான்.”

உள்ளே யாரோ “ரெடி” என்று கத்தினார்கள். பழனியம்மா பேச்சை நிறுத்தாமலே மணியை ஆணியிலிருந்து கழற்றி மடியில் செருகிக்கொண்டாள்.

“இத வேற நானே கழட்டி நானே மாட்டணும். கழட்ட மறந்தா அந்தத் தம்பி குதிக்கிறாரு.”

“எந்தத் தம்பி?” என்று கேட்டார் மரியகொறற்றி.

“காதுல மூடி போட்டிருக்கிற தம்பி.”

காதில் மூடி போட்டிருந்த தர்ஷன் ஹோலின் நடுவில் கையை உயர்த்தி நின்றான். முப்பது வயது, ஒல்லி. அவர்கள் வாசலில் காத்திருந்து உள்ளே போனபோது காட்சி அப்போதுதான் முடிந்திருந்தது. “ஒருத்தரும் அசையக் கூடாது. ஒரு நிமிசம்” என்றான். பத்துப் பேர் அப்படியே நின்றார்கள். ஒருவன் தேநீர்க் கோப்பையை வாய்க்குப் பாதி வழியில் பிடித்தபடி நின்றான்.

தாஸிமின் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நிமிடம் வந்ததில்லை. மூக்கு அரித்தது. கால் ஆடத் துடித்தது. ஐம்பதாவது நொடியில் சாவிக்கொத்து கிலுங்கியது.

“ஆரடா அது!” என்று தர்ஷன் கத்தினான். “திரும்ப முதல்ல இருந்து!”

இரண்டாவது நிமிடமும் போனபின் தாஸிம் கேட்டான். “ஒண்டும் இல்லாத சத்தத்த எதுக்கு தம்பி எடுக்கிற?”

“ஒண்டும் இல்லாத சத்தம் எண்டு ஒண்டு இல்ல, அண்ணை. ஒவ்வொரு அறைக்கும் ஒரு சத்தம் இருக்குது. விசிறி, வீதி, காகம். வசனத்தை வெட்டி எடுத்தா நடுவில ஓட்டை விழும். அந்த ஓட்டைக்குள்ள இந்த நிமிசத்தைப் போட்டு மூடுவம். அப்பத்தான் வெட்டினது தெரியாது.”

சொல்லிவிட்டு, யாரிடம் சொன்னோம் என்பது உறைத்ததோ என்னவோ, அவன் முகம் மாறியது. லவினாவின் பதிவைப் பற்றிக் கேட்டதும் வயரைச் சுருட்டத் தொடங்கினான்.

“எனக்கும் அவவுக்கும் சரிவராது. அது எல்லாருக்கும் தெரியும். கொலுசு போட்டுக்கொண்டு வாறவ. எத்தினை டேக் பாழ். ஏசியிருக்கிறன். அதுக்காக ஒரு தாயிட்ட இருந்து பிள்ளையைப் பிரிக்கிறதோ? நான் எடுக்கிறதை அண்டண்டைக்கே ரெண்டு பிரதி குடுத்திடுவன். ஒண்டு டிரெக்டருக்கு, ஒண்டு ரொனிக்கு.”

இயக்குநர் ஜொனாதன் நின்றபடியே பாண் தின்றார். நாலு நாளில் இரண்டு அத்தியாயம் முடிக்கவேண்டிய மனிதர். “லவினாவை நான் விட்டுப் பிடிக்கிறனான். ஸ்கிரிப்டில இல்லாததைச் சொந்தமாச் சொல்லுவா. நல்லா இருந்தா வைப்பம், இல்லாட்டிக் குப்பை. எந்த நாள், எந்தக் காட்சி எண்டு கேட்டா நான் எங்க போறது? பத்து மாசத்துப் பதிவு. நாளைக்கு அவ கோர்ட்டில நிண்டா எனக்கு ஒரு நாள் வேலை நட்டம். இதை நானே செய்வனோ?”

வெளியே வந்ததும் தாஸிம் ஓட்டோவை உதைத்துக் கிளப்பினான். “தர்ஷன்தான் மிஸ். எனக்குச் சந்தேகமே இல்ல. வயர் சுத்துற கையப் பாத்தீங்களா?”

“பாத்தனான். வெள்ளவத்தைக்கு விடும்.”

*

காலி நகருக்குப் போகும் பெருவீதியின் நெரிசலில் ஒன்றரை மணிநேரம் போனது. மணி ஒன்றரை. தாஸிம் ஒவ்வொரு சிக்னலிலும் ஹோர்னை அமத்தினான். யாருடைய பிள்ளையோ, ஆனால் அவனுக்குத் தன் பிள்ளை போல அவசரம்.

ஸ்ரூடியோ கடற்கரைப் பக்கம் ஓர் ஒழுங்கையில், இரண்டாம் மாடியில் இருந்தது. ரொனி கதவைத் திறந்துவிட்டு, வாயில் விரலை வைத்தான். கரையோரம் ரயில் போனது. தரை அதிர்ந்தது. அது போய் முடியும்வரை ஒருவரும் பேசவில்லை.

“மன்னிக்கவேணும். ரயிலைப் பாத்துத்தான் இங்க வேலை. நேர அட்டவணை பாடம்.”

முப்பத்தைந்து வயது, மென்மையான பேச்சு. அறையின் மூலையில் தட்டில் மணல், இன்னொரு தட்டில் சரளைக்கல், பழைய சப்பாத்துக்கள், வெங்காயத்தாள் போன்ற லீக்ஸ் ஒரு கட்டு. தாஸிம் லீக்ஸைப் பார்ப்பதைக் கண்டு ரொனி சிரித்தான். நாலு தண்டை ஈரத்துணியில் சுற்றி மைக் முன்னால் முறுக்கினான். ஒலிபெருக்கியில் ஒரு மனிதனின் கை முறிந்தது.

“அல்லாஹ்! போன சனிக்கிழம நான் சோத்துக் கோப்பையக் கீழ வெச்சது இந்தச் சத்தத்துக்கா?”

“பின்னேரம் அதைச் சூப் வைச்சிடுவன்” என்றான் ரொனி.

இன்னொன்றும் காட்டினான். திரையில் லவினா யன்னலைப் பார்த்து நின்றாள். படம் மாறுவதற்கு முன்பே அடுத்த காட்சியில் வரும் இன்ஸ்பெக்டரின் குரல் அவள் முகத்தின்மேல் கேட்டது. அவள் ஒன்றுமே செய்யவில்லை. ஆனாலும் பயந்துவிட்டாள் போலத் தெரிந்தது. “சத்தம் முதல் வந்திட்டுதெண்டா, பாக்கிற ஆள் மிச்சத்தைத் தானே நினைச்சுக்கொள்ளும். நான் ஒண்டும் பொய் சொல்லத் தேவையில்ல.”

“கொட்டாஞ்சேனை வீட்டுக்கு அடிக்கடி போவீங்களோ?” என்று மரியகொறற்றி கேட்டார்.

“எங்க மிஸ் நேரம்? இந்த அறையை விட்டு எழும்ப ஏலாது. ஆனா அந்த வீட்டை எனக்கு நல்லாத் தெரியும். எந்தப் படி முனகும், எந்த யன்னல் ஆடும், எல்லாம் சொல்லுவன். கண்ணைக் கட்டி விட்டாலும் நடப்பன்.”

சுவரில் இரண்டு மணிக்கூடுகள் இருந்தன. ஒன்று மூன்றரை மணித்தியாலம் பின்னால் ஓடியது.

“அது பிழ போல” என்றான் தாஸிம்.

“பிழையில்ல. இத்தாலி, மிலானோ நேரம். மகள் அங்க.”

லவினாவின் பதிவைப் பற்றிக் கேட்டபோது தலையசைத்தான். “கேள்விப்பட்டனான். பாவம். ஆனா அந்தக் கதவு அந்த வீட்டுக் கதவுதான் எண்டு சொல்லுறாங்களே. நிபுணர் சொன்னா நாங்கள் என்ன செய்யிறது?”

*

கீழே வந்து கடையொன்றில் கொத்துரொட்டி சாப்பிட்டார்கள். தாஸிமால் விழுங்க முடியவில்லை. பதிவைக் காதில் மாட்டித் திரும்பத் திரும்பக் கேட்டான். நாலாவது தடவை கரண்டியைப் போட்டான்.

“மிஸ், இந்தக் காகம்!”

“என்ன காகம்?”

“ரெண்டு தரம் கத்துது. பொறகு திரும்ப அதே மாதிரி ரெண்டு தரம். பொறகும் அப்படித்தான். நான் நேரம் பாத்தேன். ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் சரியா ஒரு நிமிசம் ஈக்கி. நொடி பெசகல்ல. காகம் மணிக்கூடு பாத்தா கத்தும்?”

மரியகொறற்றி அன்று முதல் முறையாகச் சிரித்தார். “காலமை எனக்கும் அதில ஒரு இடறல். நான் நேரம் பாக்கேல்ல. நீர் பாத்தீர்.”

“அப்ப அந்த நிமிசத்தத்தான் ஒட்டி ஒட்டி நீட்டி ஈக்கி! அந்த நிமிசத்த எடுக்கிறது ஆரு? தர்ஷன்! நான் காலமையே சொன்னேன்.”

“அந்த நிமிசம் மூண்டு பேரிட்டயும் இருக்குது, தாஸிம். காகம் சொல்லுறது, இது ஒட்டினது எண்டு மட்டும்தான். ஆர் ஒட்டினது எண்டு வேற ஒண்டு சொல்லுது. அதைத்தான் நிபுணர் பெரிய அத்தாட்சி எண்டு தூக்கிப் பிடிக்கிறார்.”

அவர் தொலைபேசியை எடுத்து முதலில் பழனியம்மாவோடு பேசினார். இரண்டே கேள்விகள். பிறகு ஜொனாதனையும் தர்ஷனையும், படப்பிடிப்பை நேரத்தோடு முடித்துவிட்டு ஐந்து மணிக்கு ஸ்ரூடியோவுக்கு வரச் சொன்னார்.

ஐந்து மணிவரை தாஸிம் கடற்கரை வீதியில் ஓட்டோவை நாலு தடவை துடைத்தான்.

*

ஐந்தே காலுக்கு மூவரும் இருந்தார்கள். ஜொனாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. தர்ஷன் கதவோரம், ஓடத் தயாரானவன் போல. ரொனி தன் மேசைக்குப் பின்னால். மரியகொறற்றி பையிலிருந்து மூன்று துண்டுக் கடதாசி எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார்.

“ஒரு கேள்விதான். ஒருத்தருக்கொருத்தர் காட்டாமல் எழுதுங்கோ. படப்பிடிப்பு முடிஞ்சுது. கொட்டாஞ்சேனை வீட்டு முன்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ள போறீங்கள். முதல்ல என்ன கேக்கும்?”

“இது என்ன, சின்னப் பிள்ளையளின்ர விளையாட்டோ?” என்றார் ஜொனாதன். ஆனாலும் எழுதினார்.

மரியகொறற்றி வாங்கி, நீதிமன்றத்தில் வாசிப்பதுபோல ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தார்.

“ஜொனாதன்: மணி. பிறகு பழனியம்மாவின் ஏச்சு. தர்ஷன்: சின்ன வெண்கல மணி. ரொனி: கதவு. நீளமாகக் கிரீச்சிடும், கடைசியில் ஒரு முனகல்.”

தர்ஷன் திரும்பி ரொனியைப் பார்த்தான். ஜொனாதனும் பார்த்தார். தாஸிமுக்கு இன்னும் விளங்கவில்லை.

“என்ன பாக்கிறீங்கள்?” என்றான் ரொனி. “அது அந்த வீட்டுக் கதவுதானே. தர்ஷன், நீதானே பதிஞ்சு அனுப்பினது?”

“ஓம்” என்றான் தர்ஷன் மெதுவாக. “போன வருசம் ஜூலை, முதல் நாள். கதவு கத்தினா வசனம் ஒண்டும் எடுக்க ஏலாது, ரொனி. அதால அந்தச் சத்தத்தைத் தனியாப் பதிஞ்சு உனக்கு அனுப்பிப்போட்டு, அடுத்த நாள் கதவுப் பிணைச்சலுக்குத் தையல் மெசின் எண்ணெய் விட்டனான். அண்டையில இருந்து அந்தக் கதவு மூச்சும் விடாது.”

வாசப்படியில் எண்ணெய்க்கறை. தாஸிம் தலையில் கையை வைத்தான்.

“ஒவ்வொரு கிழமையும் நீங்கள் அந்தச் சத்தத்தைத் தொடரில ஒட்டுறீங்கள்” என்றார் மரியகொறற்றி ரொனியிடம். “நாடு முழுக்க அந்தக் கதவு கத்துது எண்டு நம்பிக்கொண்டிருக்குது. நிபுணர் தொடரில வந்த கதவை ஒப்பிட்டார், வீட்டுக் கதவை இல்ல. ரெண்டும் ஒரே சத்தம், அது உண்மைதான். ஆனா அது ஜூலை மாசத்துச் சத்தம். பெப்ரவரி பதினாலாம் திகதி அது கேக்க வழியில்ல.”

“படப்பிடிப்பில வாற பதிவில கதவு கேக்காதுதான்” என்று ரொனி முணுமுணுத்தான். “மைக் நடிகர் பக்கம் திரும்பி இருக்கும் எண்டு நினைச்சனான்.”

“கதவு சத்தமில்லாமல் போனதால குசினியில நிக்கிற பழனியம்மாவுக்கு ஆர் வாறது எண்டு தெரியேல்ல. பயந்து மணி கட்டினா. ரெடி எண்டால் கழட்டுவா, முடிஞ்ச உடன மாட்டுவா. அதால ஒரு பதிவிலயும் மணி இல்ல. அண்டைக்கு ஐஞ்சு மணிக்குப் படப்பிடிப்பு முடிஞ்சுது, உடன மாட்டினவ. மத்தியானம் அவவிட்டயே கேட்டனான். ஐஞ்சரைக்கு உண்மையா ஆரும் பதிஞ்சிருந்தா, கதவு கேட்டிருக்காது, மணி கேட்டிருக்கும். அந்த வீட்டுக்கு நாளாந்தம் போற ரெண்டு பேருக்கும் இது தெரியும். தெரிஞ்ச ஆள் அந்தக் கதவைப் போட்டிருக்க மாட்டார். இங்க இருந்தபடி அந்த வீட்டைக் காதால மட்டும் அறிஞ்ச ஆள்தான் போட்டிருப்பார், உண்மை மாதிரி இருக்கட்டும் எண்டு.”

ரொனி தட்டிலிருந்த மணலை விரலால் கீறிக்கொண்டிருந்தான்.

“செபஸ்தியன் என்னோட படிச்சவன்” என்றான் கடைசியில். “ஒரு நாள் வந்து அழுதான். லவினா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிநாடு போகப்போறாள், பிறகு காணவே ஏலாது எண்டான். என்ர மனிசி அப்பிடித்தான் போனவ, மிஸ். மூண்டு வருசம். மகளுக்கு இப்ப தமிழும் மறந்து போச்சு. ஃபோனில இத்தாலிப் பாஷையில ‘சாவ்’ எண்டு சொல்லிப்போட்டு ஓடிடுவாள். இன்னொருத்தனுக்கு இது வரக்கூடாது எண்டு...”

“யதுஷாவுக்குப் பாஸ்போர்ட்டே இல்ல” என்றார் மரியகொறற்றி. “ஒருத்தரும் அவளைக் கொண்டுபோகேல்ல. நாளைக்கு நீங்கள்தான் கொண்டுபோய்க் குடுக்கப் போறீங்கள், தாயிட்ட இருந்து பிரிச்சு.”

கரையோரம் ரயில் வந்தது. அறைக்குள் தரை அதிர்ந்தது. பழக்கத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். பெட்டி பெட்டியாக அது போய் முடிய அரை நிமிடம் எடுத்தது. தாஸிம் அந்த அரை நிமிடமும் ரொனியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கை விசைப்பலகைக்குப் போனது.

“அந்த வசனம் மூண்டும் ஒரே டேக்கில இருக்குது” என்றான் ரொனி. “நடுவில இருந்து நான் வெட்டி எறிஞ்சது வேற ஒண்டு. அதைக் கேட்டிட்டு நான் எப்பிடி நித்திரை கொண்டன் எண்டு தெரியேல்ல.”

அவன் முழுப் பதிவையும் போட்டான். ஜொனாதன் முதலில் நெற்றியைச் சுருக்கினார். பிறகு, “ஓ” என்றார். “அண்டைக்கோ!” தர்ஷன் கழுத்தில் கிடந்த காதுமூடியைக் கழற்றி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

“நாளைக்கு ஒன்பது மணிக்கு இதை நீங்களே கொண்டுவந்து சொல்லவேணும்” என்றார் மரியகொறற்றி. “சொன்னா உங்களுக்கு வழக்கு வரும். வேலையும் போகலாம். நான் மறைக்கேல்ல.”

“வேலை போயிட்டுது” என்றார் ஜொனாதன்.

ரொனி மூன்றரை மணித்தியாலம் பின்னால் ஓடும் மணிக்கூட்டைப் பார்த்தான். “வாறன்” என்றான்.

*

வெள்ளிக்கிழமை, புதுக்கடை நீதிமன்றம். பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். யதுஷாவை வெளியே இருந்த நீள மர வாங்கில் இருத்திப் பார்த்துக்கொள்ளும் வேலை தாஸிமுக்குக் கிடைத்தது. ஒன்பதரையானது. பத்தானது. அவன் எழும்பினான், இருந்தான், மறுபடி எழும்பினான். நடைபாதையின் அந்தக் கோடியில் செபஸ்தியனின் தாய் ஒரு புதுப் பொம்மையோடு நின்றாள். பிள்ளையை வாங்கிப் போக வந்தவள்.

“அங்கிள், ஒரு இடத்தில இருங்களன்” என்றாள் யதுஷா.

“இருக்கத்தான் பாக்கிறேன் மகள். ஏலாம ஈக்கி.”

உள்ளே ஒலிபெருக்கி கரகரத்தது. லவினாவின் குரல் தெளிவாக வெளியே வந்தது. “பிள்ளையை என்ர கண்ணில காட்டாத.”

தாஸிம் பிள்ளையின் காதைப் பொத்தக் குனிந்தான். யதுஷா அவன் கையைத் தட்டிவிட்டாள்.

“இதை எனக்குத் தெரியும்! நான் அண்டைக்குப் பள்ளிக்கூடம் விட்டு அம்மாவின்ர ஷூட்டிங்குக்குப் போனனான். அம்மா கோபக்காரி மாதிரி மூஞ்சை வைச்சவ. இப்ப நான் சிரிப்பன், பாருங்க.”

உள்ளே ஒரு குழந்தை களுக்கென்று சிரித்தது.

“எங்கயாவது கொண்டுபோய் விடு. எனக்கு வேண்டாம்” என்றது லவினாவின் குரல், இப்போது அடக்கிய சிரிப்போடு போராடிக்கொண்டு. குழந்தை இன்னும் உரக்கச் சிரித்தது. “அழுதா அழட்டும்” என்று தொடங்கிய குரல் அதற்குமேல் தாங்கவில்லை. தாயும் மகளும் சேர்ந்து சிரித்தார்கள். ஜொனாதன் “கட், கட்! ஆர் இந்தப் பிள்ளையை உள்ள விட்டது?” என்று கத்துவது கேட்டது. பிறகு லவினா: “யது, இங்க வா. பயந்திட்டியா? அம்மா உன்னைச் சொல்லேல்ல.” பிள்ளையின் குரல்: “தெரியும் அம்மா. இன்னொருக்காச் சொல்லுங்க. நான் சிரிக்காம இருக்கிறன்.”

பதிவு நின்றது.

“இன்னொரு முறை போடுங்கள்” என்றது நீதிபதியின் குரல்.

பத்தேமுக்காலுக்கு மரியகொறற்றி முதலில் வெளியே வந்தார். தாஸிமைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்தார். செபஸ்தியனின் விண்ணப்பம் தள்ளுபடி. பிள்ளை தாயிடமே. பொய்ப்பதிவு பற்றித் தனி விசாரணை, ரொனியின் வாக்குமூலத்தை இப்போதே எழுதுகிறார்கள். தாஸிம் வாங்கில் உட்கார்ந்தான். கால் ஆடவில்லை.

பின்னால் லவினா வந்தாள். முகக்கவசமும் இல்லை, கண்ணாடியும் இல்லை. வந்தவள் வாங்கின் முன்னால் மண்டியிட்டு யதுஷாவைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியில் பிள்ளைக்கு மூச்சு முட்டியது.

“அம்மா, டிரெக்டர் மாமா திரும்பவும் ஏசினவரா? நான் சிரிச்சதுக்கு?”

“இல்லையடி” என்றாள் லவினா. “இண்டைக்கு ஒருத்தரும் ஏசேல்ல. வா, வீட்டை போவம்.”